வாசகியர் கேள்விகள், மருத்துவர் பதில்கள்: மாதவிடாய் நிற்கும் வயதில் உடலும் தோலும்

மாதவிடாய் நிற்கும் பருவத்தில் உடலையும் தோலையும் பேணுவது பற்றித் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகியர் எழுதிய கடிதங்களுக்கு இம்மாதம் பதில் எழுதுகிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். பெயர்களை வெளியிடவில்லை. எதைச் சொன்னாலும் “எல்லாம் உடம்புச் சூடு” என்றோ “வயதானால் அப்படித்தான்” என்றோ வீட்டிலும் வெளியிலும் பதில் வருவதாகப் பெரும்பாலோர் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பதிலை நம்பி ஆண்டுக்கணக்கில் தாங்கிக்கொண்டிருந்த பெண்களை என் அறையில் அடிக்கடி பார்க்கிறேன். ஆகவே ஒவ்வொரு தொல்லைக்கும் அதற்குரிய காரணத்தைத் தேடிச் சொல்ல இங்கே முயல்கிறேன்.

கேள்வி: என் அத்தைக்கு (கணவரின் தாயார்) வயது 56. மாதவிடாய் நின்று மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு மாதங்களாக அவ்வப்போது உள்ளாடையில் இரத்தக் கறை படுகிறது. சூட்டினால் வருகிறது, வெந்தயம் ஊறவைத்துக் குடித்தால் சரியாகிவிடும் என்று சொல்லி மருத்துவமனைக்கு வர மறுக்கிறார். உடம்பு முழுவதும் அரிப்பும் இருக்கிறது. எதற்கு முதலில் வைத்தியம் பார்ப்பது?
வாசகி, அரூர்

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தை முதலில் வைத்திருப்பதற்குக் காரணம், வந்தவற்றுள் இதற்குத்தான் அவசரம் அதிகம். தொடர்ந்து 12 மாதங்கள் இரத்தப்போக்கு இல்லாதிருந்தால்தான் மாதவிடாய் நின்றுவிட்டது என்று மருத்துவத்தில் கணக்கிடுகிறோம். அதற்குப் பிறகு ஒரு துளி பட்டாலும், வலியே இல்லாவிட்டாலும், ஒருமுறை வந்து தானாக நின்றுவிட்டாலும், மகப்பேறு மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். பெரும்பாலோருக்கு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்து, உட்சவ்வு மெலிந்து கசிவதுதான் காரணமாக இருக்கும். சிலருக்குச் சிறிய சதை வளர்ச்சி இருக்கும். ஆனால் இவ்வாறு வருபவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்குக் கர்ப்பப்பை உட்சவ்வில் புற்றுநோய் இருப்பதால், அது இல்லை என்று உறுதி செய்யாமல் வேறு எந்த வைத்தியத்தையும் தொடங்கக் கூடாது. தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் அந்தப் புற்றுநோயைப் பெரும்பாலும் முழுமையாகக் குணப்படுத்திவிட முடியும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். வெந்தயத்தால் இரத்தம் நின்றதுபோல் தோன்றினாலும் உள்ளே இருக்கும் காரணம் அப்படியேதான் இருக்கும்.

முதலில் ஸ்கேன் எடுப்பார்கள். உட்சவ்வின் தடிமன் 4 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால், அல்லது இரத்தக் கசிவு திரும்பத் திரும்ப வந்தால், சிறிதளவு சவ்வை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். உடல் பருமனோ சர்க்கரை நோயோ இருந்தால் இன்னும் தாமதிக்கக் கூடாது. அரிப்பை அடுத்தபடியாகப் பார்க்கலாம். தோலில் தடிப்போ சிவப்போ இல்லாமல் உடம்பு முழுவதும் அரித்தால், வறட்சி என்று முடிவு கட்டுவதற்கு முன் சர்க்கரை, தைராய்டு, சிறுநீரகம், கல்லீரல், இரத்தச்சோகை ஆகியவற்றுக்கான இரத்தப் பரிசோதனைகளைச் செய்துவிட வேண்டும். அதே மருத்துவமனையில் அதே நாளில் இரத்தம் கொடுத்துவிடலாம். அத்தைக்கு நெருக்கமான நாத்தனாரோ பெரியம்மாவோ இருந்தால் அவரையும் துணைக்கு அழைத்துச் செல்லுங்கள். மருமகள் சொல்வதைவிட, ஒத்த வயதுள்ள ஒருவர் கூட வருவது இவ்விஷயத்தில் அதிகம் உதவுகிறது.

கேள்வி: எனக்கு வயது 48. சாமந்தித் தோட்டத்தில் பூ பறிக்கப் போகிறேன். மாதவிடாய் ஒழுங்காக வருவதில்லை. ஓராண்டாக முகம், கண் இமை, கழுத்து, முன்கைகள் எல்லாம் தடித்துச் சிவந்து அரிக்கின்றன. கால் தோலும் செதில்போல் உரிகிறது. மாதவிடாய் நிற்கும் நேரத்தில் இப்படித்தான் இருக்கும் என்கிறார்கள். மஞ்சள் பூசியும் வேப்பிலை அரைத்துப் போட்டும் குறையவில்லை.
வாசகி, இராயக்கோட்டை

பதில்: அம்மா, உங்களுக்கு இரண்டு தொல்லைகள் ஒன்றாக வந்திருக்கின்றன என்று நினைக்கிறேன். இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் இரண்டுக்கும் தீர்வு கிடைக்கும்.

கால் தோல் உரிவது இந்த வயதிற்கு உரியது. ஈஸ்ட்ரோஜன் குறையும்போது தோலின் எண்ணெய்ச் சுரப்பு குறைகிறது, ஈரத்தைப் பிடித்துவைக்கும் திறனும் குறைகிறது, தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதமும் குறைகிறது. மாதவிடாய் நின்ற முதல் ஐந்து ஆண்டுகளில் மட்டும் தோலின் கொலாஜனில் ஏறத்தாழ 30 சதவீதம் போய்விடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இந்த வறட்சி கணுக்கால், முதுகு, இடுப்பு என்று துணி மூடிய இடங்களிலும் வரும். எறும்பு ஊர்வதுபோன்ற உணர்வைக்கூடச் சிலர் சொல்வார்கள்.

ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் முகம், இமை, கழுத்து, முன்கை ஆகியவை துணி மூடாத இடங்கள். அந்த இடங்களில் மட்டும் தடித்துச் சிவந்தால் நான் முதலில் சந்தேகிப்பது செடி ஒவ்வாமையை. சாமந்தியும், வயல் வரப்பிலும் சாலையோரத்திலும் மண்டிக்கிடக்கும் பார்த்தீனியமும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டிலும் ஒவ்வாமையைத் தூண்டும் ஒரே வகையான வேதிப்பொருள்கள் இருப்பதால், ஒன்றுக்குப் பழகிப்போன ஒவ்வாமை மற்றொன்றைத் தொட்டாலும் கிளம்பும். பார்த்தீனியத்தின் காய்ந்த துகள்கள் காற்றில் பறந்து வந்து முகத்தில் படிந்தாலே போதும். பறிப்புக் காலத்தில் கூடி, வேலைக்குப் போகாத வாரங்களில் குறைகிறதா என்று கவனித்துப் பாருங்கள். குறைந்தால் காரணம் ஏறக்குறையத் தெரிந்துவிட்டது என்று கொள்ளலாம். தோல் மருத்துவர் முதுகில் சிறு பட்டைகளை ஒட்டி, 48 மணி நேரத்திலும் 96 மணி நேரத்திலும் பார்த்து இதை உறுதிப்படுத்துவார். தலைக்கு டை அடிப்பவராக இருந்தால் அதையும் அவரிடம் சொல்லுங்கள். நெற்றியோரமும் காதோரமும் இமையும் கருத்து அரிப்பதற்கு, டையில் உள்ள பிபிடி என்ற பொருள் இந்த வயதில் மிகச் சாதாரணமான காரணம். குங்குமமும் பொட்டின் பசையும்கூடச் சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை.

வேலையை விடுங்கள் என்று சொல்வது எளிது, ஆனால் பூப்பறிக்கும் கூலியில் நடக்கும் குடும்பத்திற்கு அது பதிலாகாது. முழுக்கைச் சட்டையும் கழுத்தை மூடும் துண்டும் கையுறையும் அணிந்து பறியுங்கள். வீட்டுக்கு வந்தவுடன் அந்தத் துணிகளைத் தனியாகப் போட்டுவிட்டுக் குளியுங்கள். மஞ்சளையும் வேப்பிலையையும் இப்போது நிறுத்திவிடுங்கள். புண்பட்ட தோலில் எதை அரைத்துப் பூசினாலும் எரிச்சல்தான் கூடும். மருத்துவர் தரும் களிம்பை அவர் சொல்லும் நாட்கள் வரை மட்டும் போடுங்கள்.

வறட்சிக்குச் செய்ய வேண்டியது செலவில்லாதது. வெந்நீரில் நெடுநேரம் குளிக்காமல், வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடத்திற்குள் குளித்துவிடுங்கள். சாதாரணச் சோப்பு காரத்தன்மை உடையது, தோலோ இயல்பில் சற்று அமிலத்தன்மை உடையது. ஆகவே அக்குள், தொடையிடுக்கு, பாதம் ஆகிய இடங்களுக்கு மட்டும் சோப்பைப் போட்டு, மற்ற இடங்களுக்குத் தண்ணீரோ பாசிப்பயற்று மாவோ போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, ஈரம் காயும் முன்னரே தேங்காய் எண்ணெயையோ பெட்ரோலியம் ஜெல்லியையோ தடவுங்கள். ஈரத்தின் மேல் தடவுவதற்கும் காய்ந்த தோலில் தடவுவதற்கும் பலனில் பெரிய வேறுபாடு உண்டு. பித்தவெடிப்புக்கு யூரியா கலந்த களிம்பு நன்றாக வேலை செய்யும். மார்கழி, தை மாதங்களில் ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் இருப்பவர்கள் காலையும் இரவும் தடவ வேண்டியிருக்கும்.

கேள்வி: வயது 50. கன்னங்களில் மங்கு விழுந்திருக்கிறது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய க்ரீமைப் பூசியதும் முதல் மாதம் பளிச்சென்று ஆனது. இப்போது ஒரு நாள் விட்டாலும் முகம் எரிகிறது, சிவக்கிறது, சிறு பருக்களும் வருகின்றன. விடவும் முடியவில்லை, தொடரவும் பயமாக இருக்கிறது.
வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: உங்கள் பயம் நியாயமானது. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அந்தக் க்ரீமில் ஸ்டீராய்டு இருக்கிறது என்றே தோன்றுகிறது. டப்பாவின் மேல் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் ஆகிய பெயர்களுள் ஏதேனும் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இவை நல்ல மருந்துகள்தாம். ஆனால் முகத்தில் மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, இரத்த நாளங்கள் வெளியே தெரிந்து, பருவும் முடியும் முளைத்து, நிறுத்தினால் எரியும் நிலைக்குக் கொண்டுவந்துவிடும். ஏற்கெனவே கொலாஜன் குறைந்துகொண்டிருக்கும் வயதில் இந்தச் சேதம் இரட்டிப்பாகிறது. ஸ்டீராய்டு களிம்புகளை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்பதை 2018ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு தடுத்திருக்கிறது. அப்படியிருந்தும் அவை வெள்ளையாக்கும் க்ரீம் என்ற பெயரில் கைமாறுவதைக் காணும்போது எனக்குக் கோபம் வருகிறது. பெயரே அச்சிடப்படாத டப்பாக்களில் பாதரசம் கலந்தவையும் உண்டு. அது தோலின் வழியே உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

தோல் மருத்துவரிடம் அந்த டப்பாவையும் எடுத்துச் செல்லுங்கள். படிப்படியாகக் குறைப்பதா, ஒரேயடியாக நிறுத்திவிட்டு எரிச்சலுக்கு மருந்து தருவதா என்பதை அவர் முடிவு செய்வார். சில வாரங்கள் முகம் மோசமாகத் தோன்றும். அதைக் கண்டு திரும்பவும் அந்தக் க்ரீமுக்குப் போய்விடாதீர்கள். மங்குக்கு அடிப்படை வைத்தியம் வெயிலைத் தடுப்பது. எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்க்ரீனைக் காலையில் பூசி, வெளியில் இருந்தால் இரண்டு மூன்று மணி நேரத்திற்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும். குடையும் முக்காடும் அதற்கு நல்ல துணை. தோல் தேறிய பிறகு மங்குக்கான மருந்துகளைப் பற்றி யோசிக்கலாம்.

கேள்வி: எனக்கு 52 வயது. மாதவிடாய் நின்று நான்கு ஆண்டுகள் ஆகின்றன. முழங்கால், இடுப்பு, கழுத்து எல்லாம் இறுகிப்போய் வலிக்கின்றன. களி கிளறக்கூடக் கையில் பலமில்லை. கால்சியம் மாத்திரையைத் தானாக வாங்கிச் சாப்பிடுகிறேன். நாங்கள் நெடுங்காலமாகப் போர்வெல் தண்ணீரைத்தான் குடித்துவந்தோம்.
வாசகி, பென்னாகரம்

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி வரியை எழுதியதற்கு நன்றி. வெளியூர் மருத்துவர்கள் பெரும்பாலும் கேட்கத் தவறுவது அதைத்தான்.

மாதவிடாய் நின்ற பின் மூட்டுவலி வருவது உண்மை. எலும்பும் வேகமாகக் கரைகிறது. முதல் ஐந்து முதல் ஏழு ஆண்டுகளுக்குள் எலும்பின் அடர்த்தியில் 20 சதவீதம் வரைகூடக் குறையலாம். ஆனால் நம் மாவட்டங்களில் அதனோடு, நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் ஃபுளோரைடும் சேர்ந்திருக்கிறது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஃபுளோரைடு இருக்கலாம், வேறு நீரே இல்லாதபோது 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர அளவு. இங்கே பாறையடியிலிருந்து எடுக்கும் ஆழ்துளைக் கிணற்று நீரில் பல ஊர்களில் இந்த அளவு மிஞ்சியிருந்தது. அதனால்தான் ஜப்பானின் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் (ஃபுளோரைடு மிகுவதால் பல்லும் எலும்பும் கெடும் நோய்) பாதிப்புக் குறைப்புத் திட்டம் கொண்டுவரப்பட்டு 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. காவிரி நீர் வந்த பிறகும், முன்பு பல்லாண்டுகள் குடித்த நீரின் ஃபுளோரைடு எலும்பிலேயே தங்கியிருக்கும். அது எலும்பைத் தடிமனாக்கிக் காட்டும், உறுதியாக்காது. மூட்டுகளையும் தசைநாண்களையும் இறுக வைக்கும். ஆகவே எலும்பு அடர்த்திப் பரிசோதனையில் அளவு நன்றாக இருக்கிறது என்று வந்தாலும் அதை மட்டும் நம்பிவிட முடியாது.

மூன்று அசைவுகளைச் செய்து பாருங்கள். முழங்காலை மடக்காமல் குனிந்து கால் விரலைத் தொட முடிகிறதா, தாடையை நெஞ்சில் பதிக்க முடிகிறதா, இரண்டு கைகளையும் தூக்கித் தலையின் பின்புறம் கோத்துக்கொள்ள முடிகிறதா? இவற்றில் இரண்டு முடியாவிட்டால், தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பியல் பிரிவில் காட்டி, முன்கை எக்ஸ்ரேயும் சிறுநீர் ஃபுளோரைடு பரிசோதனையும் செய்துகொள்வது பற்றிக் கேளுங்கள். தேசிய ஃபுளோரோசிஸ் தடுப்புத் திட்டத்தில் தருமபுரி மாவட்டம் சேர்க்கப்பட்டிருக்கிறது. இன்னமும் போர்வெல் நீரைக் குடிப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: கொதிக்க வைப்பதால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். குடிப்பதற்கும் சமைப்பதற்கும் ஒகேனக்கல் நீரையே பயன்படுத்துங்கள். தேயிலையிலும் ஃபுளோரைடு உண்டு என்பதால் தேநீரை நாளுக்கு ஒன்றிரண்டாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

உணவைப் பொறுத்தவரை உங்கள் வீட்டுக் களிப் பானையே சிறந்த தொடக்கம். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் பரிந்துரைத்தது. 100 கிராம் கேழ்வரகு மாவில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் இருக்கிறது. 200 மில்லி பாலில் ஏறத்தாழ 240 கிடைக்கும். ஒரு வேளை களியும், முருங்கைக் கீரைக் கடைசலும், இரண்டு தம்ளர் பாலோ தயிரோ மோரோ, ஒரு எள்ளுருண்டையும் இருந்தால் தேவையில் பெரும்பங்கு நிறைந்துவிடும். முளைகட்டி அரைத்த மாவிலும் புளிக்க வைத்த கூழிலும் கால்சியம் உடலில் சேர்வது எளிதாகிறது. 2023 முதல் தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் மாதம் இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். அதை மாட்டுக்கோ விற்பனைக்கோ அனுப்பாமல் வீட்டில் பயன்படுத்துங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். தசை குறைந்துவிடாமலிருக்கப் புரதமும் வேண்டும். கொள்ளுக் கடைசல், அவரைக்கொட்டைக் குழம்பு, முட்டை, மீன் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று தினமும் தட்டில் இருக்கட்டும்.

கால்சியம் மாத்திரையைச் சாப்பாட்டோடு எடுத்துக்கொள்ளுங்கள். இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்க்க வேண்டாம். தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் அதற்கும் கால்சியம் மாத்திரைக்கும் நடுவில் நான்கு மணி நேரம் இடைவெளி விட வேண்டும். வைட்டமின் டி அளவைப் பார்க்காமல் கால்சியத்தை மட்டும் கூட்டிக்கொண்டே போவதில் பயனில்லை. நடப்பது நல்லது, ஆனால் நடை மட்டும் போதாது. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருவது, சுவரில் கையூன்றித் தள்ளுவது போன்ற பலம் தரும் பயிற்சிகளையும் சேர்க்க வேண்டும். நடக்கவே சிரமப்படுபவர்களுக்கு, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் இயன்முறைப் பயிற்சியாளர் வீட்டுக்கே வருவார். 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி அந்தத் திட்டம் தொடங்கப்பட்டதே கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான்.

கேள்வி: ஓசூரில் கார்மெண்ட்ஸ் நிறுவனத்தில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். வயது 47. திடீரென்று நெஞ்சிலிருந்து முகம்வரை குப்பென்று சூடு ஏறி வியர்த்துக் கொட்டுகிறது. இரவில் நான்கைந்து முறை விழித்துவிடுகிறேன். ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டால் தோலும் இளமையாகும் என்று ஒரு தோழி சொல்கிறார், புற்றுநோய் வரும் என்று அக்கா பயமுறுத்துகிறார். யார் சொல்வது சரி?
வாசகி, ஓசூர்

பதில்: இருவர் சொல்வதிலும் ஒரு பகுதி உண்மை இருக்கிறது. மூளையில் உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி, ஈஸ்ட்ரோஜன் குறையும்போது சிறு வெப்ப மாறுதலைக்கூடப் பெரிதாக எடுத்துக்கொண்டு, வியர்க்கச் செய்து உடலைக் குளிர்விக்கப் பார்க்கிறது. நீங்கள் எழுதியிருப்பது அதன் விளைவு. இது சராசரியாக ஏழு ஆண்டுகள் வரைகூட நீடிக்கிறது என்பதால், பல்லைக் கடித்துக்கொண்டு கடந்துவிடலாம் என்று உங்களிடம் சொல்ல நான் விரும்பவில்லை. தூக்கம் கெட்டால் வேலையும் மனமும் உடலும் சேர்ந்து கெடும்.

ஹார்மோன் சிகிச்சையைப் பற்றிய பயம் 2002ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஒரு பெரிய ஆய்விலிருந்து பரவியது. அந்த ஆய்வில் கலந்துகொண்டவர்களின் சராசரி வயது 63. பின்னர் அதே தரவுகளை வயது வாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று பத்து ஆண்டுகளுக்குள் தொடங்கும் ஆரோக்கியமான பெண்களுக்கு, தொல்லை கடுமையாக இருந்தால், நன்மையே அதிகம் என்பது தெளிவாயிற்று. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், காரணம் தெரியாத இரத்தப்போக்கு உள்ளவர்கள், இரத்தக்கட்டி, பக்கவாதம், மாரடைப்பு, கல்லீரல் நோய் உள்ளவர்கள் எடுக்கக் கூடாது. கர்ப்பப்பை உள்ளவர்கள் ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டிரோன் என்ற மற்றொரு பெண் ஹார்மோனையும் சேர்த்தே எடுக்க வேண்டும். இரண்டும் சேர்ந்த சிகிச்சையைப் பல ஆண்டுகள் தொடர்ந்தால் மார்பகப் புற்றுநோய் அபாயம் சிறிதளவு கூடுகிறது என்பதால் ஆண்டுதோறும் மருத்துவரோடு பேசி முடிவைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். தோல் சற்றுத் தடித்து ஈரம் கூடுவது உண்மைதான், ஆனால் தோல் அழகுக்காக மட்டும் ஹார்மோனைத் தொடங்குவதை எந்த மருத்துவரும் ஏற்கமாட்டார். மற்றவர் சாப்பிடும் மாத்திரையின் பெயரைக் கேட்டு வாங்குவதும் ஆபத்தானது.

ஹார்மோன் வேண்டாம் என்பவர்களுக்கு வென்லாஃபாக்சின், காபாபென்டின் போன்ற வேறு மருந்துகளும் உண்டு. அவற்றையும் மருத்துவரே எழுத வேண்டும். அதுவரை பருத்தி உடையை அணியுங்கள், மாலைக்குப் பின் சூடான காபியையும் அதிகக் காரத்தையும் குறையுங்கள், படுக்கும் அறையில் காற்று வரும்படி செய்யுங்கள். வேலையிடத்தில் மின்விசிறிக்கு அருகில் இடம் கேட்கத் தயங்க வேண்டாம். வியர்வை தங்கும் மார்பின் அடிமடிப்பிலும் இடுப்பிலும் அரிப்பு வந்தால், அது பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று. அதற்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பை வாங்கிப் போட்டுவிடாதீர்கள். தைராய்டு கூடுதலாகச் சுரந்தாலும் இதே வியர்வையும் படபடப்பும் வரும் என்பதால் டிஎஸ்எச் என்ற தைராய்டு பரிசோதனையை முதலில் செய்துகொள்ளுங்கள். இன்னொன்று: மாதவிடாய் தள்ளிப்போகிறதே தவிர இன்னும் நிற்கவில்லை என்றால் கருத்தரிக்க வாய்ப்பு இருக்கிறது. 50 வயதுக்குள் நின்றவர்கள் அதன்பின் இரண்டு ஆண்டுகள் வரையிலும், 50 வயதுக்குப் பின் நின்றவர்கள் ஓராண்டு வரையிலும் கருத்தடை முறையைத் தொடர வேண்டும்.

கேள்வி: இதை யாரிடமும் கேட்க முடியவில்லை. 53 வயது. பிறப்புறுப்பில் வறட்சியும் எரிச்சலும் இருப்பதால் கணவரோடு சேர்வது மிகுந்த வேதனையாக இருக்கிறது. அவரோ நான் வெறுக்கிறேன் என்று நினைக்கிறார். சிறுநீர்க் கடுப்பும் அடிக்கடி வருகிறது.
வாசகி, தேன்கனிக்கோட்டை

பதில்: அம்மா, நீங்கள் கேட்டது மிகவும் நல்லது. மாதவிடாய் நின்ற பெண்களில் மிகப் பலருக்கு இருக்கும் தொல்லை இது, பேசப்படுவதோ மிகவும் குறைவு. முகத்துத் தோலைப்போலவே அங்குள்ள சவ்வும் ஈஸ்ட்ரோஜனை நம்பியிருக்கிறது. அது குறைந்தால் சவ்வு மெலிகிறது, ஈரம் குறைகிறது, கிருமிகளைத் தடுத்துவைக்கும் அமிலத்தன்மையும் மாறுகிறது. ஆகவேதான் சிறுநீர்த் தொற்றும் திரும்பத் திரும்ப வருகிறது. மற்ற தொல்லைகள் காலப்போக்கில் தணிந்தாலும் இது வைத்தியம் இல்லாமல் தணிவதில்லை.

அந்த இடத்தைச் சோப்பாலோ கிருமிநாசினியாலோ கழுவுவதை இன்றே நிறுத்திவிடுங்கள். வெறும் நீர் போதும். கூடும்போது பயன்படுத்த நீர் சார்ந்த உயவுக் களிம்பு மருந்துக்கடையில் கிடைக்கும். இவற்றுக்கு மேல் பலன் தருவது, எஸ்ட்ரியால் என்ற ஈஸ்ட்ரோஜன் வகை கலந்த களிம்பை மருத்துவர் சொல்லும் அளவில் உள்ளே வைப்பது. அது அந்த இடத்தில் மட்டும் வேலை செய்து இரத்தத்தில் மிகக் குறைவாகவே கலப்பதால், மாத்திரைக்குச் சொல்லப்படும் அபாயங்கள் இதற்குப் பெரும்பாலும் பொருந்தா. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் மட்டும் தங்கள் புற்றுநோய் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும். தோலில் வெண்மையான திட்டுகள் தெரிந்தாலோ, தயிர்போன்ற வெள்ளைப்பாடு இருந்தாலோ மருத்துவர் நேரில் பார்க்க வேண்டும். வெள்ளைப்பாட்டுக்குச் சர்க்கரை நோய் பின்னணியில் இருக்கலாம். உங்கள் கணவரை ஒருமுறை உடன் அழைத்துச் செல்லுங்கள், அல்லது இந்தப் பதிலை அவரிடம் படிக்கக் கொடுங்கள். ஐயா, உங்கள் மனைவி உங்களை வெறுக்கவில்லை; அவருக்கு வலிக்கிறது, அந்த வலிக்கு மருந்து இருக்கிறது.

கேள்வி: அதிக இரத்தப்போக்கு என்று 38 வயதில் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். இப்போது வயது 42. முடி கொட்டுகிறது, தோல் சுருங்கிவிட்டது, ஐம்பது வயது போல இருக்கிறேன் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.
வாசகி, ஊத்தங்கரை

பதில்: அறுவை சிகிச்சையின்போது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுங்கள். சினைப்பைகளையும் சேர்த்து எடுத்தார்களா என்பதுதான் நான் அறிய வேண்டியது. எடுத்திருந்தால் அறுவை சிகிச்சை நாளிலேயே உங்களுக்கு மாதவிடாய் நிற்றல் நிகழ்ந்துவிட்டது. இவ்வளவு இளம் வயதில் ஈஸ்ட்ரோஜன் இல்லாமற் போனால் தோலும் முடியும் பாதிக்கப்படுவதோடு எலும்பும் இதயமும் சேர்ந்து பாதிக்கப்படும். தடை ஏதும் இல்லாதவர்களுக்கு, இயல்பாக நிற்கும் வயது வரையிலாவது ஹார்மோன் கொடுப்பதே பொதுவான பரிந்துரை. கர்ப்பப்பை இல்லாததால் ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும். சினைப்பைகள் இருந்தால் ஹார்மோன் இன்னும் சுரந்துகொண்டிருக்கலாம், ஆனால் மற்றவர்களைவிடச் சற்று முன்னதாகவே நிற்கக்கூடும். எஃப்எஸ்எச் என்ற ஹார்மோனின் இரத்தப் பரிசோதனை அதை ஓரளவு காட்டும். அதிக இரத்தப்போக்கினால் அப்போது இழந்த இரும்புச்சத்து இன்னும் நிரம்பாமல் இருந்தாலும் முடி கொட்டும் என்பதால் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலில் சேமிப்பாக உள்ள இரும்புச்சத்தின் அளவு), தைராய்டு மூன்றையும் பாருங்கள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாருக்கேனும் கர்ப்பப்பையை எடுக்கச் சொல்லியிருந்தால், மாத்திரை, கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம் போன்ற வழிகள் பார்க்கப்பட்டனவா என்று கேட்டு, இன்னொரு மருத்துவரின் கருத்தையும் பெற்ற பிறகே முடிவெடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: 51 வயதில் தாடையில் கெட்டியான முடி முளைக்கிறது. பின்கழுத்தும் கருத்துத் தடித்திருக்கிறது. தேய்த்துக் குளித்தும் போகவில்லை.
வாசகி, பர்கூர்

பதில்: ஈஸ்ட்ரோஜன் குறையும்போது ஆண் ஹார்மோனின் பங்கு ஒப்பளவில் மேலோங்குவதால் தாடையிலும் மேலுதட்டிலும் சில முடிகள் வருவது இயல்பு. நூலால் எடுக்கலாம், மழிக்கலாம். மழித்தால் அடர்ந்து வளரும் என்பது உண்மையல்ல. ஓரிரு மாதங்களுக்குள் வேகமாக வளர்ந்தாலோ, குரல் தடித்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். கழுத்தின் கருமை அழுக்கல்ல. இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக அது இருக்கலாம். தேய்க்கத் தேய்க்க இன்னும் கருக்கும் என்பதால் தேய்ப்பதை விட்டுவிடுங்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு) இரண்டையும் பார்த்து, இடுப்புச் சுற்றளவையும் அளந்துகொள்ளுங்கள். 80 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால், எடையைக் குறைக்கும்போது கழுத்தின் நிறமும் மெல்லத் தெளிவதைப் பார்ப்பீர்கள்.